செயலிக்கு ஏற்ற உட்கரு: இயங்குதள அமைவுகளைத் தெரிவுசெய்யும் முறை

கெர்னல் என்னும் சொல்

கோல சிலாங்கூர் வட்டாரத்துச் செம்பனை ஆலைகளில் உழைத்தோருக்குக் ‘கெர்னல்’ என்னும் சொல் புதிதன்று. செம்பனைப் பழத்தின் மேற்சதையிலிருந்து ஒருவகை எண்ணெய் பிழியப்படும். எஞ்சும் கொட்டையை உடைத்து, உள்ளிருக்கும் பருப்பைத் தனியே பிரித்தெடுப்பர். அப்பருப்பே கெர்னல், அதிலிருந்து கிடைக்கும் எண்ணெய் வேறு வகையினது. கணினியாளர்கள் அதே ஆங்கிலச் சொல்லை இயங்குதளத்தின் உட்பகுதிக்கு வழங்குகின்றனர். நாம் அதனைத் தமிழில் உட்கரு என்கிறோம்.

திரையில் காணும் படங்களும் பட்டியல்களும் மேற்சதையைப் போன்றவை. அவற்றுக்கு அடியில் நினைவகத்தைப் பங்கிடுவது, பல நிரல்களுக்குச் செயலியின் நேரத்தை வகுத்துக் கொடுப்பது, விசைப்பலகையும் வட்டும் வலையமைப்பும் தரும் செய்திகளை வாங்கி உரிய நிரலிடம் சேர்ப்பது ஆகிய பணிகளை உட்கருவே செய்கின்றது. காலைப் பிரட்டில் ஆள்களை எண்ணி, இன்னார்க்கு இன்ன நிரை என்று பிரித்தனுப்பும் தண்டலின் வேலைக்கு இது நிகரானது. தண்டல் இன்றித் தோட்டத்தில் வேலை தொடங்காது. உட்கரு இன்றிக் கணினி வெறும் பெட்டியே.

இவ்வுட்கருவை ஒரு குறிப்பிட்ட செயலிக்கு ஏற்ப அமைத்துக் கட்டுவது எவ்வாறு என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம். மொழிக்கான அவையில் இப்பொருளை ஏன் எடுத்துக்கொண்டோம் என்னும் வினா எழக்கூடும். அதற்கான விடை உரையின் பிற்பகுதியில் உள்ளது.

மரத்திற்கேற்ற கருவி

செயலி என்பது கணினியின் கணிக்கும் சில்லு. ஒவ்வொரு வகைச் செயலிக்கும் அது புரிந்துகொள்ளும் கட்டளைகளின் தொகுதி ஒன்று உண்டு. அக்கட்டளைகள், நினைவகத்தை அது அணுகும் முறை, ஒரே வேளையில் கையாளும் எண்ணின் அகலம் ஆகியவற்றைச் சேர்த்தே செயலிக் கட்டமைப்பு என்கிறோம். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் எக்ஸ்86 கட்டமைப்பும், கைப்பேசிகளில் ஆர்ம் கட்டமைப்பும் உள்ளன. ஒன்றுக்கென ஆக்கிய உட்கரு மற்றொன்றில் இயங்காது.

இதனை நம் தோட்டத்து மக்களுக்கு விளக்குவது எளிது. 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோகோன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர் இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையைப் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் எழுந்த முதல் செம்பனைத் தோட்டம் அதுவே. பின்னாளில் ரப்பர்க் காடுகள் பலவும் செம்பனைக்கு மாறின. மரம் மாறியபோது கருவியும் மாற வேண்டியதாயிற்று. பால்வெட்டும் கத்தி பட்டையை மெல்லியதாகச் சீவுவதற்கு உரியது. அதைக்கொண்டு குலை வெட்ட இயலாது. செம்பனையிலும் இளமரத்திற்கு உளி வேண்டும். ஓங்கி வளர்ந்த மரத்திற்கு நீண்ட கழியில் பூட்டிய அரிவாள் வேண்டும். ரப்பரும் செம்பனையும் இரு வேறு கட்டமைப்புகள். இளமரமும் முதுமரமும் ஒரே கட்டமைப்பின் இரு தலைமுறைகள். உட்கருவை அமைப்போர் இவ்விரு வேறுபாடுகளையும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒரு கட்டமைப்பிலிருந்து பலவற்றுக்கு

லினக்ஸ் என்னும் உட்கருவின் மூல நிரல் யாவருக்கும் திறந்துவைக்கப்பட்டது. ஆகவே இவ்வுரையில் அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். ஆண்டிராய்டு கைப்பேசிகள் அனைத்திலும் இருப்பது இதுவே. 1991இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் இதனைத் தொடங்கியபோது, இன்டெலின் 386 செயலி ஒன்றுக்காகவே எழுதினார். பிற செயலிகளுக்கு இதனைப் பெயர்க்க இயலாது என்றே அப்போது அறிவித்தார். ஆயினும் 1995இல் ஆல்ஃபா முதலிய வேறு கட்டமைப்புகளும் சேர்க்கப்பட்டன. இன்று மூல நிரலில் கட்டமைப்புகளுக்கென உள்ள அடைவில் சுமார் 20 உட்பிரிவுகள் காணப்படுகின்றன.

சேர்ப்பதைப் போலவே நீக்குவதும் உண்டு. எந்த 386 செயலிக்காக இது பிறந்ததோ, அந்தச் செயலிக்கான ஆதரவு 2013இல் வெளிவந்த 3.8ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. பழைய பகுதியைச் சுமந்துகொண்டிருப்பது சிக்கலையும் கூடுதல் வேலையையும் தந்தது என்பதே காரணம். மொழிக்கும் பொருந்தும் உண்மை இது.

தமிழ்நாட்டிலும் இதற்கொரு சான்று உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டமைப்பு உருவாகத் தொடங்கியது. உரிமத் தொகை செலுத்தாமல் எவரும் அதன்படி செயலி வடிவமைக்கலாம். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழுவினர் அதனைத் தழுவிச் ‘சக்தி’ என்னும் செயலிக் குடும்பத்தை வடிவமைத்தனர். 2018இல் அவர்களுடைய சில்லில் லினக்ஸ் இயங்கியது. அதே ஆண்டு சனவரியில் வெளிவந்த 4.15ஆம் பதிப்பில்தான் ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பு லினக்ஸின் முதன்மை மூல நிரலில் இடம்பெற்றது. புதிய செயலி ஒன்று பிறந்தால், அதற்கேற்ப உட்கருவை அமைத்துக் கட்டும் அறிவும் உடன் வேண்டும் என்பதை இது காட்டுகின்றது.

ரிஸ்க்-ஃபைவ் செயலிகளின் பெயரிலேயே அவற்றின் ஆற்றல் எழுத்துகளாகக் குறிக்கப்படும். ‘எம்’ என்பது பெருக்கல், வகுத்தல். ‘எஃப்’, ‘டி’ ஆகியவை மிதவைப் புள்ளி எண்கள். ‘சி’ என்பது சுருக்கிய கட்டளைகள். உட்கருவின் அமைவுகளில் ‘சுருக்கிய கட்டளைகளைப் பயன்படுத்து’ என்னும் தெரிவு ஒன்று உண்டு. ‘சி’ இல்லாத செயலிக்கு அத்தெரிவை வைத்தபடியே கட்டினால், செயலி தனக்குத் தெரியாத சொல்லைக் கேட்டு நின்றுவிடும்.

அமைவுகளைத் தெரிவுசெய்யும் படிகள்

லினக்ஸ் மூல நிரலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தெரிவுகள் உள்ளன. அவற்றைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. ஒழுங்காகச் செல்வோர்க்கு வழி தெளிவானது. கீழே ஆணைகளின் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் தருகிறோம். விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.

முதற்படி, செயலியை அறிதல். ‘எல்எஸ்சிபியு’ என்னும் ஆணை செயலியின் குடும்பத்தையும் அதன் சிறப்பாற்றல்களையும் பட்டியலிடும். ‘யுநேம்’ என்னும் ஆணை காட்டுவது, அப்போது இயங்கும் உட்கரு எவ்வகைக்கென ஆக்கப்பட்டது என்பதையே. 64 பிட்டுச் செயலியில் 32 பிட்டு உட்கரு இயங்கினால் அவ்வாணை 32 என்றே விடை தரும். அதை நம்பி, செயலியே பழையது என்று முடிவுகட்டுதல் தவறு.

இரண்டாம் படி, கட்டமைப்பைக் குறித்தல். நம் மேசைக் கணினி எக்ஸ்86 ஆகவும், உட்கருவைப் பெறப்போகும் கருவி ஆர்ம் ஆகவும் இருக்கலாம். ஒன்றில் இருந்துகொண்டு மற்றொன்றுக்காக நிரலைத் தொகுப்பது குறுக்குத் தொகுப்பு எனப்படும். இதற்கு ‘ஆர்ச்’ என்னும் மாறியில் ஆர்ம்64 என்று கட்டமைப்பையும், ‘கிராஸ் கம்பைல்’ என்னும் மாறியில் தொகுப்பியின் முன்னொட்டையும் கொடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆணையிலும் இவை இடம்பெற வேண்டும் என்பது முக்கியம். ஒருமுறை மறந்தாலும் கட்டுமான நிரல் நாம் அமர்ந்திருக்கும் கணினியின் கட்டமைப்பையே எடுத்துக்கொண்டு, அதுவரை செய்த தெரிவுகளை அதற்கேற்ப மாற்றிவிடும்.

மூன்றாம் படி, அடித்தளத் தெரிவுகளைப் பெறுதல். ஒவ்வொரு கட்டமைப்புக்கும் பேணுநர்கள் ஆய்ந்து வைத்த இருப்புநிலைத் தெரிவுகள் உள்ளன. ‘மேக் டெஃப்கான்ஃபிக்’ என்னும் ஆணை அவற்றை ஒரு கோப்பில் எழுதித் தரும். வெறுந்தாளில் தொடங்குவதைவிட இதிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை.

நான்காம் படி, ‘மேக் மெனுகான்ஃபிக்’ என்னும் ஆணையால் பட்டியலைத் திறந்து வேண்டியவற்றை மாற்றுதல். தெரிவுகளில் பல மூவகை விடையை ஏற்பவை. ‘ஒய்’ என்றால் அப்பகுதி உட்கருவோடு ஒன்றாகக் கலந்திருக்கும். ‘எம்’ என்றால் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் தனிக்கூறாக வட்டில் கிடக்கும். ‘என்’ என்றால் அறவே இராது. இங்கே புதியவர்கள் பெரிதும் இடறும் இடம் ஒன்றுண்டு. வட்டைப் படிப்பதற்கான இயக்கியையே ‘எம்’ என்று குறித்து, அக்கூறினை அதே வட்டில் வைத்துவிட்டால், தொடங்கும்போது துணைநிற்கும் முன்னோடிக் கோப்பு ஒன்று இல்லாதவிடத்து உட்கருவால் வட்டைத் திறக்க இயலாது. வீட்டுச் சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியது போன்ற நிலை அது.

செயலி சார்ந்த தெரிவுகளில் தலைமுறையும் கருதத்தக்கது. 32 பிட்டு எக்ஸ்86 செயலிகளில் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தை அணுகுவதற்கான நீட்டிப்பு ஒன்று உண்டு. அதனை இயக்கிக் கட்டிய உட்கரு, அந்நீட்டிப்பு இல்லாத பழைய மடிக்கணினியில் தொடக்கத்திலேயே மறுத்து நின்றுவிடும். 64 பிட்டு ஆர்ம் கட்டமைப்பில் நினைவகத்தை 4, 16, 64 கிலோபைட்டுப் பக்கங்களாகப் பகுக்கும் தெரிவு உள்ளது. 16 கிலோபைட்டுப் பக்கத்தை எல்லா ஆர்ம் செயலிகளும் ஏற்பதில்லை. ஆகவே பெரியது சிறந்தது, புதியது சிறந்தது என்னும் விதி இங்குச் செல்லாது, பொருந்துவதே சிறந்தது.

ஐந்தாம் படி, கட்டி நிறுவுதல். புதிய உட்கருவை வேறு பெயரில் நிறுவிப் பழையதையும் விட்டுவைக்க வேண்டும். தனிக்கூறுகளும் அதே பதிப்புக்குரியனவாக இருத்தல் வேண்டும். புதியது தொடங்க மறுத்தால் பழையதற்குத் திரும்பும் வழி அப்போதுதான் இருக்கும்.

நலுங்கும் ஒப்பாரியும்

இனி, மொழியவைக்கும் இதற்கும் உள்ள தொடர்புக்கு வருவோம். இவ்வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் முதியோர் பாடிய பாடல்களை நாங்கள் பதிவுசெய்து வந்தோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் மக்கள் பல திசைகளில் பெயர்ந்துவிட்ட நிலையில், பாடுவோரை ஒருங்கே காண்பது அரிதாகிவிட்டது. பதிவுகளைத் தமிழ்ப் பெயரிட்டு ஒரு விரலியில் சேர்த்தோம். தோட்டத்து மண்டபத்தில் அவற்றை ஒலிபரப்புவதற்காக ஆர்ம் செயலி கொண்ட சிறு கணினி ஒன்றை ஆயத்தம் செய்து, வேண்டாதவற்றை நீக்கிச் சிறிய உட்கரு ஒன்றையும் நாங்களே கட்டினோம்.

விரலியைச் செருகியதும் பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாயின. ‘நலுங்கு’ என்ற பெயர் இருந்த இடத்தில் ஏழு கேள்விக்குறிகள்; ‘ஒப்பாரி’ என்ற பெயர் இருந்த இடத்திலும் அதே ஏழு. மங்கலப் பாட்டையும் இழவுப் பாட்டையும் பெயரால் பிரித்தறிய வழியில்லாது போயிற்று. உடனிருந்த இளைஞர், “ஐயா, விரலி கெட்டுப்போச்சு, ஃபார்மட் பண்ணிட்டு மறுபடியும் ஏத்திடலாமா?” என்று கேட்டார். மறுபடியும் ஏற்றுவதற்குப் படி வேறெங்கும் இல்லை. பாடியோரில் ஒருவர் அதற்குள் மறைந்துவிட்டிருந்தார். “கை வைக்காதே தம்பி” என்று தடுத்துவிட்டு, காரணத்தைத் தேடினோம்.

விரலி கெடவில்லை, பிழை எங்களுடையது. விரலிகளில் பரவலாக உள்ள ஃபேட் கோப்பு முறையில் நீண்ட பெயர்கள் ஒருங்குறியிலேயே பதிவாகின்றன. ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப்பகுதி உண்டு. உயிர்மெய்யை அது மெய்யெழுத்தின் அகர வடிவாகவும் உயிர்க்குறியாகவும் பிரித்துக் குறிக்கும். எனவே ‘நலுங்கு’ என்பது ந, ல, உகரக்குறி, ங, புள்ளி, க, உகரக்குறி என ஏழு குறிகள். ‘ஒப்பாரி’ என்பதும் ஒ, ப, புள்ளி, ப, கால், ர, இகரக்குறி என ஏழு. இப்பெயர்களை நிரல்களுக்கு எந்த எழுத்துத் தொகுதியில் வழங்குவது என்பதை உட்கரு தீர்மானிக்கின்றது. ஃபேட் கோப்பு முறைக்குரிய பொது இருப்புநிலை, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான ஐஎஸ்ஓ 8859-1 தொகுதி. அதில் தமிழுக்கு இடமில்லை. இடமில்லாத ஒவ்வொரு குறிக்கும் உட்கரு ஒரு கேள்விக்குறியை இட்டது.

மேசைக் கணினியில் இவ்விடர் பெரும்பாலும் தெரிவதில்லை. அங்கே திரைச்சூழலின் நிரல்கள் விரலியை இணைக்கும்போதே ‘யுடிஎஃப்-8 முறையில் வழங்குக’ என்று சேர்த்துச் சொல்லிவிடுகின்றன. திரைச்சூழல் இல்லாத சிறு கணினியில் அவ்வாறு சொல்வார் இல்லை. ஆகவே உட்கருவின் இருப்புநிலையே ஆட்சிசெய்தது.

திருத்தம் எளிது. விரலியை இணைக்கும் ஆணையில் யுடிஎஃப்-8 தெரிவைச் சேர்த்தவுடன் பெயர்கள் அனைத்தும் திரும்பிவந்தன. இதற்கு உட்கருவை மீண்டும் கட்ட வேண்டுவதுமில்லை. ஆயினும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்திருப்பர் என்று எதிர்பார்க்க இயலாது. எனவே பட்டியலில் கோப்பு முறைகள் என்னும் பிரிவில், ஃபேட் கோப்பு முறைக்குரிய ‘இருப்புநிலையாக யுடிஎஃப்-8’ என்னும் தெரிவை ‘ஒய்’ ஆக்கி உட்கருவை மீண்டும் கட்டினோம். அதே இடத்தில் எழுத்துத் தொகுதியின் பெயரைக் கேட்கும் வேறொரு தெரிவும் உண்டு. அதில் யுடிஎஃப்-8 என்று எழுதுவது பரிந்துரைக்கப்படுவதில்லை. ஆங்கிலத்தின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு பெயர்களாகிவிடும் என்று உட்கருவே எச்சரிக்கின்றது.

இத்தகைய இடர் நேரும்போது கேள்விக்குறிகளை எண்ணிப் பார்ப்பது பயன் தரும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் தேவை. ‘நலுங்கு’ என்பதற்கு 21 பைட்டுகள். ஏழு கேள்விக்குறிகள் தோன்றினால் உட்கருவின் பெயர்மாற்றத்தையும், 21 தோன்றினால் பெயரைக் காட்டும் நிரலையும் முதலில் ஐயுறலாம். இது உறுதிச் சான்றன்று. தேடத் தொடங்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு மட்டுமே. மேலும், லினக்ஸின் வெற்று எழுத்துத் திரை 512 எழுத்துருவங்களுக்கு மேல் தாங்காது. தமிழ்க் குறிகளை உரியவாறு இணைத்துக் காட்டவும் செய்யாது. ஆகவே பெயர்கள் சரியாயினவா என்பதை அத்திரையில் பாராமல், தமிழ் எழுத்துரு உள்ள வேறு கணினியின் வழியாகப் பார்க்க வேண்டும்.

பெயரின் நீளத்திற்கும் எல்லை உண்டு. லினக்ஸ் கணினிகளில் பெரிதும் வழங்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஒரு பெயர் 255 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும். ஆங்கிலத்தில் அது 255 எழுத்துகள். தமிழில் 85 குறிகள் மட்டுமே. பாடலின் முதலடியையும் பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கோப்புப் பெயரிலேயே சேர்க்க விரும்புவோர் இக்கணக்கை நினைவில் கொள்ளல் நலம்.

எப்போது வேண்டும், எப்போது வேண்டா

உட்கருவைத் தாமே கட்டுவது எல்லாருக்கும் எப்போதும் வேண்டியதன்று. பொதுவான கணினிக்கு வழங்குநர் கட்டித் தரும் உட்கருவே போதும். பாதுகாப்புத் திருத்தங்களும் அதனோடு தாமாக வந்து சேரும். தாமே கட்டியவர், திருத்தம் வெளிவரும்போதெல்லாம் தாமே மீண்டும் கட்ட வேண்டும். அப்பொறுப்பை ஏற்க ஆளில்லாத வாசகசாலையிலோ பள்ளியிலோ சொந்த உட்கருவை நிறுவிவிட்டு வருவது உதவியாகாது. புதிய செயலி, நினைவகம் குறைந்த சிறு கருவி, வழங்குநரின் ஆதரவு நின்றுபோன பழைய கணினி ஆகிய இடங்களில்தான் இவ்வறிவு பயன்படுகின்றது. 2025இல் வெளிவந்த டெபியன் 13ஆம் பதிப்பு, 32 பிட்டு எக்ஸ்86 கணினிகளுக்கு உட்கருவும் நிறுவியும் வழங்குவதை நிறுத்திவிட்டது. நன்கொடையாக வந்து மண்டபங்களில் கிடக்கும் பழங்கணினிகள் சிலவற்றுக்கு இனி இவ்வழியே எஞ்சும்.

தெரிவுகளை எழுதி வைப்பதும் கடமையாகும். அமைவுகள் அடங்கிய கோப்பினை, எதனை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்னும் தமிழ்க் குறிப்போடு சேர்த்துப் பேண வேண்டும். கட்டியவர் வேறூர் சென்றபின் வருபவர்க்கு அதுவே வழிகாட்டி.

இருப்புநிலை என்பது எவரோ ஒருவர் தம் தேவையை முன்வைத்துச் செய்த தெரிவு. அத்தெரிவைச் செய்தபோது நம் மொழி அவர்தம் நினைவில் இல்லாதிருந்திருக்கலாம். அதில் பகைமை ஏதுமில்லை. ஆனால் அதனை மாற்றும் உரிமையும் வழியும் நமக்குத் திறந்தே உள்ளன. மண்டபத்துச் சிறு கணினி இப்போது நலுங்கை நலுங்கென்றும் ஒப்பாரியை ஒப்பாரியென்றும் காட்டுகின்றது. தம் வட்டாரத்தில் இத்தகைய பதிவுகளைப் பேணுவோர், விரலியில் கேள்விக்குறிகளைக் கண்டால் எதனையும் அழிக்கும் முன் இவ்வுரையை ஒருமுறை நினைவுகூர வேண்டுகிறோம்.